எல்லாரும் ஏழு

அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்று கேட்டால் ஒரு பிள்ளையும் வாயைத் திறக்காது. நேரில் 'அக்கா, அக்கா' என்று குழைவார்கள். முதுகுக்குப் பின்னால் 'மிச்சம்'. "மிச்சம் வருது, ஓடு!" என்று உடைமாற்றும் அறையிலிருந்து குரல் கேட்கும். பிள்ளைகள் மேல் தப்புச் சொல்ல முடியாது. தண்ணீரில் இறங்கும்போதும், சைக்கிளில் ஏறும்போதும், ஷூ மாட்டிக்கொண்டு ஓடக் கிளம்பும்போதும் அவள் ஒரே பாட்டைத்தான் பாடுவாள்: "இருக்கறதை எல்லாம் இன்னைக்கே கொட்டிடாதீங்க. மிச்சம் வெச்சுட்டு வாங்க."

அவள் வேலை ட்ரையத்லான் பயிற்சி. முதலில் நீச்சல், ஈரம் சொட்டச் சொட்ட சைக்கிள், இறங்கிய கையோடு ஓட்டம். மூன்றையும் நடுவில் உட்காராமல் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். எவன் கண்டுபிடித்தானோ, அவனுக்கு அன்றைக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது. இந்த விளையாட்டுக்குப் பத்து வயதிலிருந்து பதினேழு வயது வரை உள்ள பிள்ளைகளைத் தயார்செய்கிறவள் அவள். பத்தொன்பது வருஷமாக ஒரே குளம், ஒரே கிளப்.

அவளுடைய அறை பார்வையாளர் படிக்கட்டுக்கு அடியில். மேலே படி ஏற ஏற, உள்ளே கூரை சரிந்துகொண்டே வரும். கதவுப் பக்கம் நிமிர்ந்து நிற்கலாம், மேஜைப் பக்கம் குனிய வேண்டும், அலமாரிப் பக்கம் போனால் தவழ வேண்டியதுதான். ஜன்னல் கிடையாது. குளோரின் நெடி நோட்டில், நாற்காலியில், அவள் கொண்டுவருகிற ரொட்டியில்கூட ஏறிவிடும். மேலே யாராவது ஓடினால் மேஜையில் சுண்ணாம்புத் தூள் உதிரும். வீடு எங்கே என்றால் அதே வளாகத்தில், மோட்டார் அறைக்கு மேலே இரண்டு அறை. கிளப் கொடுத்தது. கீழே மோட்டார் ஓடும் வரை மேலே கரண்டிகள் கடகடவென்று ஆடும். வேலைக்கும் வீட்டுக்கும் ஒரே சாவிக்கொத்து. ஒன்று போனால் இன்னொன்றும் போச்சு.

அவள் புருஷன் முன்பு இதே குளத்தில் உயிர்காப்பாளனாக இருந்தவன். ஒரு நாள் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து முதுகெலும்பு கெட்டுப்போனது. ஆறு மாதம் படுக்கை. எழுந்து வந்தபோது 'இனி இவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது' என்று கமிட்டியில் முணுமுணுத்தார்கள். அப்போது கிளப் செயலாளர்தான் மேஜையைத் தட்டி, "மோட்டார் ரூமைப் பாத்துக்கட்டும், நான் சொல்றேன்" என்று அவனுக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலையாகக் கொடுத்தார். நல்ல மனுஷன்தான். அதுதான் தொல்லையே! இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அதைச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் நாலு வார்த்தை பதிலுக்குப் பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பாள்.

'மிச்சம்' என்கிற வார்த்தை அவள் வாயில் எப்படி வந்து ஒட்டியது என்றும் சொல்லிவிடுகிறேன். பதினாலு வயதில் அவளும் ஒரு சூறாவளிதான். அவளைப் பழக்கியவருக்குத் தெரிந்ததே இரண்டு வார்த்தை: "இன்னும் ஒண்ணு." பத்து சுற்று ஓடி முடித்தால் இன்னும் ஒண்ணு. வாந்தி எடுத்துவிட்டு வந்தால் இன்னும் ஒண்ணு. பதினேழாவது வயதில் அவள் இடுப்பெலும்பில் கீறல் விழுந்து ஆட்டம் அதோடு முடிந்தது. அந்த ஆள் ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவை வந்தார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. அடுத்த மாதமே வேறு ஒரு பெண்ணிடம் 'இன்னும் ஒண்ணு' சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவரைப் பற்றி எழுத எனக்கு வாயில் வருவதெல்லாம் அச்சில் ஏற்ற முடியாதது. விட்டுவிடுகிறேன்.

அதனால் அவள் பயிற்சியாளர் ஆனபோது முதல் வேலையாக ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டினாள். பத்து வயசுக் கட்டத்தில் 'விளையாட்டு' என்று எழுதியிருக்கும். பன்னிரண்டில் 'நுணுக்கம்'. பதினாறு வரைக்கும் பதக்கம் என்கிற பேச்சே கிடையாது. இருபத்திரண்டு வயதுக் கட்டத்தில் மட்டும் சிவப்பு மையில் ஒரு நட்சத்திரம். பெற்றவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். "இருபத்திரண்டா? அதுக்குள்ள இவளுக்குக் கல்யாணமே ஆயிடுமே!" என்று ஒரு தாய் கேட்டே விட்டாள்.

பலன் இல்லாமல் இல்லை. 'நத்தை' என்று ஒரு பெண் இருந்தாள். பன்னிரண்டு வயதில் வந்தவள். எந்தப் போட்டியானாலும் கடைசி. அவள் வந்து சேரும்போது பந்தலைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். இன்றைக்கு அவளுக்கு இருபத்து நாலு வயது, நாடு நாடாகப் போய் ஜெயிக்கிறாள். ஆனால் பேப்பரில் வருவது பதினெட்டு வயதில் அவள் போய்ச் சேர்ந்த பெரிய கிளப்பின் பெயர். பிள்ளைகளை நிதானமாக வளர்ப்பதில் இதுதான் சங்கடம். காய்க்கிற நேரத்தில் மரம் பக்கத்து வீட்டில் நிற்கும்.

இனி அந்த நோட்டுக்கு வருவோம். குளத்து வாசலில், நூலில் கட்டிய பேனாவோடு ஒரு நீள நோட்டு தொங்கும். காலையில் வருகிற ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயருக்கு நேரே ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண் எழுத வேண்டும். உடம்பு இன்றைக்கு எப்படி இருக்கிறது என்பதற்கான எண் அது. பத்து என்றால் பறக்கலாம் போலிருக்கிறது. ஒன்று என்றால் ஏண்டா எழுந்தோம் என்றிருக்கிறது. ஆறுக்குக் கீழே எழுதினால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது. குளத்தோரம் போட்டிருக்கும் மர பெஞ்சில் உட்கார்ந்து கை கால் நீட்டி மடக்கிக்கொண்டு மற்றவர்களை வேடிக்கை பார்க்க வேண்டும். கடைசியில் அவள் ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் கையெழுத்துப் போடுவாள்.

தன் ஆயுளில் தான் செய்த உருப்படியான காரியம் அந்த நோட்டுதான் என்று அவள் நம்பினாள். தன்னை யாராவது பதினாறு வயதில் 'எப்படிம்மா இருக்கு?' என்று ஒரு எண் கேட்டிருந்தால்! வெளியூர்ப் பயிற்சியாளர்கள் வந்தால் முதலில் அதைத்தான் பிரித்துக் காட்டுவாள். பக்கம் பக்கமாக ஏழு, ஏழு, ஏழு. நடுவில் எங்கோ ஒரு எட்டு. "பாருங்க, என் பிள்ளைங்க எப்பவும் ஏழுதான். யாரையும் நான் பிழியறதில்ல" என்பாள். வந்தவர்கள் தலையாட்டுவார்கள். அவர்களுக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. இருபத்தாறு பிள்ளைகளுக்கு, வருஷம் முழுக்க, மழையிலும் காய்ச்சலிலும் பரீட்சையிலும் எப்படிங்க ஒரே ஏழு வரும்?

செயலாளரின் மகள்தான் 'வாத்து'. பதினாலு வயது. தரையில் நடந்தால் பாதம் இரண்டும் ஆளுக்கொரு திசையில் போகும். தண்ணீரில் விட்டால் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அப்படி ஒரு நீச்சல். சைக்கிளும் வரும், ஓட்டமும் வரும். வாயாடி வேறு. பத்தொன்பது வருஷத்தில் அவள் கைக்கு இப்படி ஒரு பிள்ளை வந்ததில்லை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, புருஷனைத் தவிர. "இவளைக் கெடுக்காம இருபது வயசு வரைக்கும் கொண்டுபோயிட்டேன்னா போதும், நான் பொறந்ததுக்கு அர்த்தம் இருக்கு" என்றாள். அவன், "முதல்ல அவங்கப்பாகிட்ட இருந்து காப்பாத்து" என்றான்.

அவன் சொன்னதும் வாஸ்தவம். அந்த வருஷம் பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கான பெரிய போட்டி பக்கத்து ஊரில் நடக்க இருந்தது. செயலாளர் அந்தச் சரிவுக் கூரைக்கடியில் வந்து நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"மேடம், கமிட்டியில எல்லாரும் கேக்கறாங்க. பத்தொன்பது வருஷத்துல நம்ம அலமாரியில என்ன இருக்குன்னு. நான் என்ன சொல்றது?"

"நத்தை இருக்கா சார்."

"அவ இன்னொரு அலமாரியில இருக்கா." அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "எம் பொண்ணு இந்தத் தடவை மெடல் வாங்கட்டும். உங்களுக்கும் நல்லது. வாங்கலைன்னா நான் குறை சொல்ல மாட்டேன். அவளை அந்த ஹாஸ்டல் அகாடமியில சேத்துடறேன். அங்க ரெண்டு வேளையும் ஓட விடறாங்களாம்."

அந்த அகாடமியை அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு வயதில் போன பிள்ளைகள் பதினாறில் திரும்பி வந்து, சைக்கிளைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வதை அவள் பார்த்திருக்கிறாள். சரி என்று தலையாட்டினாள். மிச்சம் வைத்தே ஓடட்டும், மூன்றாவதாக வந்தால்கூடப் போதும், ஒரு வெண்கலத்தைக் காட்டி இன்னும் இரண்டு வருஷத்தை வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டாள்.

போட்டிக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது, ஒரு காலையில், வாத்து படிக்கட்டில் இறங்குவதை அவள் பார்த்தாள். நேராக இறங்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில், இடது காலை முதலில் வைத்து வலது காலை அதோடு சேர்த்து இறங்கினாள்.  பார்த்து நின்றவளும் இதே இறக்கத்தைப் பதினேழு வயதில் தன் காலாலேயே இறங்கியிருக்கிறாள். நேரே வாசலுக்குப் போய் நோட்டைப் பார்த்தாள். வாத்தின் பெயருக்கு நேரே, அழகாக, ஏழு.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. ஆமாம், அப்படித்தான் இருந்தது, நான் மறைத்துச் சொல்ல மாட்டேன். பிள்ளையே ஏழு என்று எழுதியிருக்கும்போது நாம் என்ன நோண்டுவது? தசைப் பிடிப்பாக இருக்கும், ராத்திரி கோணலாகப் படுத்திருப்பாள். கையெழுத்துப் போட்டாள். மறுநாளும் ஏழு, அதற்கு அடுத்த நாளும் ஏழு. படிக்கட்டுப் பக்கம் பார்ப்பதை அவள் குறைத்துக்கொண்டாள். அந்த நேரத்தில் அலமாரியில் எதையாவது தேடிக்கொண்டு முட்டி போட்டுக் குனிந்திருப்பாள். கேட்டு, வலி என்று தெரிந்தால் பெஞ்சு. பெஞ்சில் உட்கார்ந்தால் மெடல் இல்லை. மெடல் இல்லையென்றால் ஹாஸ்டல். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் இருந்தது. நோட்டு ஒன்றுதான் 'ஒன்றுமில்லை, போ' என்று சொன்னது, அவள் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

போட்டிக்கு முந்தின நாள் காலையில், உடைமாற்றும் அறைக்கு வெளியே தொப்பிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். உள்ளே இரண்டு சின்னப் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கணக்கு ஹோம்வொர்க் முடிச்சுட்டேன்னு எங்கம்மாகிட்ட சொல்லிட்டேன்."

"நிஜமாவே முடிச்சுட்டியா?"

"சேச்சே. ஏழு."

"அடிப்பாவி! உங்கம்மாகிட்டயே ஏழு விடறியா?"

இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. அவளுக்கு முதலில் பிடிபடவில்லை. அப்புறம் பிடிபட்டது. கையில் இருந்த தொப்பிகள் எல்லாம் தரையில் கொட்டின. அவளுடைய குளத்தில், அவளுடைய பிள்ளைகளின் பாஷையில், ஏழு என்றால் பொய். எத்தனை வருஷமாகவோ! ஒரு வார்த்தையாகவே ஆகிவிட்டது. நத்தை காலத்திலிருந்தேகூட இருக்கலாம். உண்மையைச் சொன்னால் பெஞ்சில் உட்கார வைக்கிறவளிடம் எந்தப் பிள்ளை உண்மையைச் சொல்லும்? பத்து வயசுப் பிள்ளைகளுக்குப் புரிந்தது, இந்த மேதாவிக்குப் புரியவில்லை.

வாத்தை அறைக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள்.

"எங்க வலிக்குது?"

"எங்கயும் இல்லக்கா."

"ஏழு விடாதே."

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டதும் பெண் வெலவெலத்துப் போனாள். பிறகு வலது காலை நீட்டினாள். பயிற்சியாளர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. வலிக்கிற இடத்தை உள்ளங்கையால் தடவிக் காட்டினால் பயமில்லை, சதை வலி. ஒரே விரலை ஒரே இடத்தில் வைத்துக் காட்டினால் எலும்பு. வாத்து முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில், உள்பக்கமாக, ஆள்காட்டி விரலை வைத்தாள். ஒரு நூல்கூட இப்படி அப்படி நகர்த்தவில்லை.

"சாயங்காலம் அப்பாவோட ஓடறேன். சிமெண்ட் ரோட்ல. அவர் ஸ்கூட்டர்ல பின்னாடி வருவார். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாரு." அழுதுகொண்டே சொன்னாள். "அக்கா, ப்ளீஸ், என்னை நிறுத்திடாதீங்க. நாளைக்கு ஓடலைன்னா ஹாஸ்டல்ல சேத்துடுவார். அங்க யாரும் நம்பரே கேக்க மாட்டாங்களாம்."

அவள் செயலாளரிடம் ஓடினாள். எலும்பு, கீறல், ஸ்கேன் என்று என்னென்னவோ கொட்டினாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தன் போனை எடுத்துக் காட்டினார். நோட்டின் பக்கங்கள். ஒவ்வொரு நாளும் படம் எடுத்து வைத்திருந்தார், மகள் நன்றாக இருக்கிறாள் என்கிற நிம்மதிக்காக.

"பாருங்க மேடம். இன்னைக்குக் காலையிலகூட ஏழு. கீழே உங்க கையெழுத்து. போட்டிக்கு முந்தின நாள் பிள்ளைங்களுக்கு வர்ற பயம் இது. உங்களுக்கும் தொத்திக்கிச்சு. போய் ரெஸ்ட் எடுங்க."

தன் கையெழுத்தே தன் வாயை அடைத்துவிட்டது. கோபத்தில் கத்தவும் முடியவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தது அவள் புருஷனுக்குச் சோறு போட்ட மனுஷன். "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள். 

சாயங்காலம் மோட்டார் அறையில் புருஷனிடம் சொன்னாள். இரைச்சலில் பாதி சொல்லிப் பாதி சைகை காட்டினாள்.

"நாளைக்கு நீ போகாதே. உடம்பு சரியில்லைன்னு சொல்லிடு" என்றான் அவன்.

"நான் போகலைன்னா அவ ஓட மாட்டாளா?"

"வேலையை விட்டுடறியா?"

"விட்டா மட்டும் நின்னுடுவாளா? அவ பேரைக் கொடுத்தது அவங்கப்பா. கையெழுத்துப் போட்டது அவங்கப்பா. நான் யாருங்க?"

அவன் ஒரு குழாயின் மூடியைத் திருகிக்கொண்டே, "எனக்காகத்தான் நீ அந்த ஆளுகிட்ட வாயைத் திறக்கறதில்லன்னு எனக்குத் தெரியும்" என்றான். அவளுக்குச் சுள்ளென்று வந்தது. "ஆமா, உங்களுக்காகத்தான். வேற யாருக்காக?" என்று கத்திவிட்டு மேலே போய்விட்டாள். கத்தியதற்குப் பிறகு மனசு ஆறுதலாகவும் இல்லை, வருத்தமாகவும் இல்லை. வெறுமனே மோட்டார் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் போட்டி மைதானத்தில் கடைசி முயற்சியாக அங்கிருந்த டாக்டரைப் பிடித்தாள். டாக்டர் இளவயசுக்காரர், நல்ல மாதிரி. வாத்தைக் கூப்பிட்டு, "கால் வலிக்குதாம்மா?" என்று கேட்டார். அப்பா இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். "இல்ல சார்" என்றாள் பெண். டாக்டர் அந்த இடத்தை அழுத்திப் பார்த்தார். பெண் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. கண்ணை மட்டும் அகலமாகத் திறந்து வைத்திருந்தாள். "வலிச்சா கத்தியிருப்பாளே மேடம்" என்றார் டாக்டர். என்ன ஒரு பிள்ளை! அந்த அழுத்தத்தை எங்கே, எப்படி முழுங்கினாள்?

விசில் ஊதினார்கள். ஏரியில் நானூறு மீட்டரை வாத்து முதல் ஆளாக முடித்துக் கரையேறினாள். சைக்கிளிலும் விடவில்லை, பத்துக் கிலோமீட்டரும் அவள்தான் முன்னால். செயலாளர் கயிற்றோரமாகக் கூடவே ஓடி ஓடித் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தார். இனி இரண்டரைக் கிலோமீட்டர் ஓட்டம். தார் ரோடு. சைக்கிளில் காலுக்கு அடி இல்லை, அதனால் தாங்கிவிட்டாள். ஓட்டத்தில் ஒவ்வொரு காலடியும் அந்த ஒரே இடத்தில் இறங்கும். பாதி வழியில் கீறல் பிளவாகும். தன் இடுப்பில் அந்தச் சத்தத்தைக் கேட்டவள் அவள்.

சைக்கிளை நிறுத்திவிட்டு ஷூ மாற்றுகிற இடத்தைக் கயிறு கட்டி அடைத்திருப்பார்கள். ஓடுகிற பிள்ளைகளைத் தவிர வேறு யாரும் அதற்குள் காலடி வைக்கக் கூடாது. வெளியாள் ஒரு துண்டை நீட்டினாலும், ஷூவை எடுத்துக் கொடுத்தாலும், அது உதவி. உதவி வாங்கிய பிள்ளை அந்தக் கணமே போட்டியிலிருந்து நீக்கப்படும். முதல் தடவை வருகிற தாய்மார்கள் சில பேர் பாசத்தில் இந்தத் தப்பைச் செய்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வார்கள். பழகிய பயிற்சியாளர் யாரும் செய்ததாகச் சரித்திரமே கிடையாது.

வாத்து சைக்கிளை மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஷூவைக் கையில் எடுத்தாள். வெளியே நின்றிருந்த அவளுடைய அக்கா கயிற்றைத் தாண்டினாள். யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. முந்தின சாயங்காலத்திலிருந்து யோசித்ததெல்லாம் அந்த ஒரு கணத்தில் காலில் இறங்கிவிட்டது. நேரே போய்ப் பெண்ணின் முன்னால் முட்டி போட்டாள். கையிலிருந்த ஷூவை வாங்கி, அந்த ஈரக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து, பள்ளிக்கூடம் போகிற குழந்தைக்கு மாட்டிவிடுவது போல மாட்டிவிட்டாள். குதிகாலைத் தட்டி உள்ளே தள்ளினாள். அவசரமே படவில்லை, நடுவர் நன்றாகப் பார்க்கட்டும் என்று.

விசில் காதைப் பிளந்தது. சிவப்பு அட்டை உயர்ந்தது.

"என்னக்கா பண்ணிட்டீங்க!" வாத்து வீறிட்டாள். எழுந்து அவளைத் தள்ளிவிட்டு ஓடினாள். அட்டையைக் காட்டிய பிறகும் ஓடினாள். முட்டி போட்டிருந்தவள் எழுந்தாள். ஐயோ, இதை நான் நினைக்கவே இல்லையே! நின்றுவிடுவாள் என்று நினைத்தேனே! ஜெயிக்க ஒன்றும் இல்லாமலே ஓடி உடைத்துக்கொள்ளப் போகிறாளே! அவளும் பின்னாலேயே ஓடினாள், கெட்டுப்போன இடுப்போடு, நொண்டி நொண்டி. நாற்பது காலடி போயிருக்கும். வாத்து வேகம் குறைந்து, நின்று, ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்தாள்.

அதற்குள் செயலாளர் வந்து சேர்ந்தார். இத்தனை வருஷம் காட்டாத கோபத்தையெல்லாம் சேர்த்து வைத்துக் காட்டினார். "பத்தொன்பது வருஷ அனுபவம்! நேத்து வந்த தாய்கூட இதைச் செய்ய மாட்டா! என்னம்மா, ரூல் மறந்துபோச்சா?" சுற்றிலும் கூட்டம். மற்ற கிளப்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "தப்பு என்னோடதுதான் சார். பொண்ணு மேல எதுவும் இல்ல" என்று மட்டும் அவள் சொன்னாள். அதையே நாலு தடவை சொன்னாள்.

வேலை போனதா என்று கேட்பீர்கள். போகவில்லை. பட்ட அவமானமே போதும் என்று கமிட்டி முடிவு செய்து ஒரு கடிதத்தோடு விட்டுவிட்டது. அந்தச் சரிவுக் கூரை அறையில் இன்றைக்கும் அவள் குனிந்துதான் உட்காருகிறாள். ஸ்கேனில் கீறல் தெரிந்தது, பிளவு இல்லை, பத்து வாரத்தில் கூடிவிட்டது. ஸ்கேன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு செயலாளர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். ஹாஸ்டல் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. ஆனால் அவளுக்கு உள்ளே விழுந்தது வேறு ஒன்று. அது அன்றைக்கே, முதலுதவிக் கூடாரத்தில் விழுந்தது.

டாக்டர் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே போயிருந்தார். வாத்து கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளைப் பழக்கியவள் ஐஸ் பையை அந்த இடத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு ரூல் தெரியும்ல?" என்றாள் பெண்.

"தெரியும்."

"வேணும்னேதான் செஞ்சீங்க."

"ஆமா."

"என் கால் வலிக்குதுன்னு நேத்துதான் தெரியுமா? இல்ல..."

நேற்றுதான் என்று சொல்லியிருக்கலாம். பெண் நம்பியிருப்பாள், ஒருவேளை கையைக்கூடப் பிடித்துக்கொண்டிருப்பாள். வாய் வரைக்கும் வந்தது அது.

"பதினெட்டு நாளா தெரியும். நீ படியில இறங்கினதைப் பாத்தேன்."

 வெளியே யாருக்கோ கை தட்டினார்கள். வேறு யாரோ முதலாவதாக வந்து சேர்ந்திருப்பார்கள்.

"எனக்குத் தெரியும், நீங்க பாத்தீங்கன்னு" என்றாள் பெண். "நீங்க வெளிய நிக்கற நேரம் பாத்துத்தான் நான் தினமும் இறங்குவேன். சாயங்கால ஓட்டம் வேண்டாம்னு அப்பாகிட்ட நான் சொல்ல முடியாது. நீங்க சொல்வீங்கன்னு நெனச்சேன். நீங்க உள்ள போயிடுவீங்க."

அவள் ஐஸ் பையை எடுக்கவில்லை. கை மரத்துப்போகும் வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.